ரஷ்யா மேல தடை, உக்ரைன் ஜனங்க, சிங்கப்பூர்ல நாம: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூர்ல ஃபார்வர்டிங் லைன்ல, அதாவது சரக்கு ஏத்தி அனுப்பற தொழில்ல வேலை பாக்குறேன். கஸ்டம்ஸ் பர்மிட், இன்வாய்ஸ் இதுங்களோடயே நாள் முழுக்க கெடக்கறதால இந்தத் தடை விஷயம் எனக்கு பேப்பர்ல படிக்கிற நியூஸ் மட்டும் இல்ல. தெரிஞ்சவங்க தேக்காவுல பாத்தா கேக்குறாங்க, கோயில்ல பாத்தா கேக்குறாங்க, டார்மிட்டரில இருக்குற தம்பிங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்பி கேக்குறாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இங்க பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: சிங்கப்பூர் அப்படி என்னதான் தடை போட்டுச்சு? ரஷ்யாவோட எல்லா வியாபாரமும் நின்னுபோச்சா?

இல்ல, எல்லாம் நிக்கல. 2022 பிப்ரவரி 24 உக்ரைன் மேல ரஷ்யாவோட படையெடுப்பு ஆரம்பிச்சுது, 28ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்துல தடை வரப்போகுதுன்னு சொன்னாரு, மார்ச் 5 முழு விவரம் வந்துச்சு. அதுல ரெண்டு பகுதி இருக்கு.

ஒண்ணு சாமான். ராணுவச் சாமான் லிஸ்ட்ல உள்ள எல்லாத்தையும் ரஷ்யாவுக்கு அனுப்ப முடியாது, அதோட எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், டெலிகாம் மற்றும் தகவல் பாதுகாப்புன்னு மூணு வகையில, வீட்டு உபயோகத்துக்கும் ஆகும் ஆயுதத்துக்கும் ஆகும்னு கட்டுப்பாட்டு லிஸ்ட்ல இருக்குற பொருளுங்களையும் அனுப்ப முடியாது.

இன்னொண்ணு பணம். விடிபி பேங்க், விஇபி, ப்ராம்ஸ்வியாஸ்பேங்க், பேங்க் ரோசியா இந்த நாலு பேங்க்கோட இங்க உள்ள நிதி நிறுவனங்க எந்தத் தொடர்பும் வெச்சுக்கக்கூடாது, ஏற்கனவே அவங்க சொத்து இருந்தா முடக்கணும். ரஷ்ய அரசாங்கமோ அவங்க மத்திய வங்கியோ இங்க கடன் பத்திரம் போட்டு காசு திரட்ட முடியாது. கிழக்கு உக்ரைன்ல உள்ள டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதில போக்குவரத்து, டெலிகாம், எரிசக்தி மாதிரி சில துறைகளுக்குப் பணம் போறதையும் நிறுத்துனாங்க. கிரிப்டோ கம்பெனிங்களையும் சேத்துதான் கட்டினாங்க, ஏன்னா பேங்க் கதவை மூடினா ஆளுங்க அந்தப் பக்கமாத்தான் போவாங்க.

மத்தபடி சாதாரண வியாபாரம், சாப்பாட்டு பொருள், மருந்து இதுங்களுக்கு சிங்கப்பூர் தடை கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாஸ்கோ ஃப்ளைட்டை நிறுத்துனது இதோட சேந்தது இல்ல, அது நிறுவனமே எடுத்த முடிவு. தென்கிழக்கு ஆசிய நாடுங்களோட கூட்டமைப்பான ஆசியான்ல இந்த மாதிரி தானா முன்வந்து தடை போட்ட ஒரே நாடு நாமதான், அதனால மார்ச் 7 ரஷ்யா வெளியிட்ட 'நட்பில்லாத நாடுகள்' லிஸ்ட்ல சிங்கப்பூர் பேரும் ஏறிடுச்சு.

கேள்வி: ஐநா தடை போடலையே, நாம ஏன் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி போய் நிக்கணும்? சின்ன நாடு வாயை மூடிக்கிட்டு இருக்குறதுதானே நல்லது?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. வழக்கமா சிங்கப்பூர், ஐநா பாதுகாப்பு மன்றம் சொன்னாதான் தடை போடும். ஆனா இந்த தடவை படையெடுத்த நாட்டுகிட்டயே வீட்டோ இருக்கு, பிப்ரவரி 25 தீர்மானத்துக்கு ஆதரவா 11 ஓட்டு விழுந்தும் ரஷ்யா ஒத்த ஓட்டுல அதை விழ வெச்சுது. அப்ப ஐநா சொல்லட்டும்னு உக்காந்திருந்தா காலத்துக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான். அப்புறம் மார்ச் 2 பொதுச்சபைல 141 நாடு கண்டிச்சு ஓட்டு போட்டுச்சு, 5 எதிர்ப்பு, 35 நடுநிலை. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடுங்கள்ல நாமளும் ஒண்ணு.

இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு. 1978 கடைசில வியட்நாம் கம்போடியாவுக்குள்ள பட்டாளத்தை அனுப்புனப்போ ஐநாவுல விடாப்பிடியா சண்டை போட்டது சிங்கப்பூர். அப்ப வெளியுறவு அமைச்சரா இருந்தவரு யாழ்ப்பாணத்துல பொறந்த எஸ். ராஜரத்தினம், அவருக்கப்புறம் அதே வேலையை தொடர்ந்து செஞ்சவரு எஸ். தனபாலன். ரெண்டு பேரும் நம்ம தமிழர்ங்க, இது நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்னு எனக்கு ஆசை. கம்போடியாவை ஆண்ட போல் பாட் ஆளுங்க நல்லவங்கன்னு இவங்க யாரும் சொல்லல. அடுத்த நாட்டு எல்லையைத் தாண்டி பட்டாளத்தோட போய் ஆட்சியை மாத்தறது சரின்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டா நாளைக்கு நம்ம எல்லைக்கு யாரு காவல், அதான் அவங்க கேட்டது.

1983ல அமெரிக்கா கிரெனடாவுக்குள்ள போச்சு. அமெரிக்கா நமக்கு எவ்வளவு வேண்டிய நாடு! அப்பயும் ஐநா பொதுச்சபைல அந்தப் படையெடுப்பைக் கண்டிச்சு வந்த தீர்மானத்துக்கு ஆதரவாதான் சிங்கப்பூர் ஓட்டு போட்டுச்சு. இந்தத் தீவை மேப்ல விரல் வெச்சா மறைஞ்சிடும், நம்மகிட்ட இருக்குறது ஒப்பந்தமும் சட்டமும்தான். அதை யாராவது மிதிக்கும்போது சத்தம் போடலேன்னா நம்மளை மிதிக்கும்போது யாரும் சத்தம் போட மாட்டாங்க.

கேள்வி: ஈராக்ல அமெரிக்கா செஞ்சது மட்டும் என்ன? அப்ப இந்தக் கொள்கை எங்க போச்சு?

நியாயமான கேள்வி. 2003ல ஈராக் போருக்கு ஐநா பாதுகாப்பு மன்றம் தெளிவா அனுமதி கொடுக்கல, ஆனா அமெரிக்கா கூட்டணில சிங்கப்பூர் பேரு இருந்துச்சு, பின்னாடி கப்பலும் விமானமும் கூட உதவிக்குப் போச்சு. ஐநா ஏற்கனவே போட்ட தீர்மானங்களை சதாம் மதிக்கலைங்கறதுதான் அப்ப சொன்ன காரணம். அந்தக் காரணம் எனக்கு இன்னிக்கும் முழுசா ஒட்டல, அந்தப் போர்ல செத்த ஈராக் ஜனங்களை நெனச்சா இன்னும் ஒட்ட மாட்டேங்குது.

ஆனா அதை வெச்சு 'அதனால உக்ரைன்ல நடக்குறதும் பரவாயில்ல'ன்னு முடிக்கறத என்னால ஏத்துக்க முடியாது. அங்க செத்த பிள்ளைக்கு நியாயம் கெடைக்கலேன்னா இங்க சாகுற பிள்ளைக்கும் வேணாம்னு சொல்லுவோமா?

கேள்வி: இந்தியா நடுநிலையா இருந்துச்சு, மலிவா எண்ணெயும் வாங்குச்சு. நாங்க இந்திய பாஸ்போர்ட், இங்க வேலை பாக்குறோம், எந்தப் பக்கம் நிக்கறது?

இந்தியா ஐநா ஓட்டுல நடுநிலையா இருந்துச்சு, இலங்கையும் அப்படித்தான். மலேசியா கண்டிச்சு ஓட்டு போட்டுச்சு ஆனா தடை போடல. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு. இந்தியாவோட ஆயுதத்துல பெரும்பங்கு ரஷ்யால இருந்து வந்தது, பக்கத்துல சீனா நிக்குது, அதோட அந்த நேரத்துல உக்ரைனுக்குள்ள இந்திய மாணவர்ங்களே 18,000 பேருக்கு மேல மாட்டிக்கிட்டு இருந்தாங்க. தமிழ்நாட்டு பிள்ளைங்க மட்டும் 1,800க்கு மேல. சுமி நகரத்துல மாட்டின சுமார் 700 பேரு பனியை உருக்கித் தண்ணி குடிச்சாங்கன்னு கேட்டப்போ இங்க எத்தனை பேரு தூங்காம கெடந்தோம். அவங்களை வெளிய கொண்டுவர ரெண்டு பக்கமும் பேச வேண்டியிருந்துச்சு. எண்ணெய் கணக்கும் உண்மைதான், போருக்கு முன்னாடி இந்தியா வாங்குனதுல ரஷ்யா பங்கு ரொம்ப சொற்பம், 2023ல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு.

பாஸ்போர்ட் எதுவா இருந்தாலும் இங்க வேலை பாக்குறவங்களுக்கு இங்க உள்ள சட்டம்தான். 'எங்க நாடு தடை போடல, அதனால நான் அனுப்பலாம்'னு சொன்னா கஸ்டம்ஸ்ல எடுபடாது. மனசுல யாரு பக்கம் நிக்கணும்ங்கறது உங்க விஷயம். நான் குண்டு விழுற பக்கம் நிக்கிறேன்.

கேள்வி: நம்ம ஜனத்துக்கு 2009ல முள்ளிவாய்க்கால்ல நடந்தப்போ எந்த நாடு தடை போட்டுச்சு?

இந்தக் கேள்வியை கேக்குறவங்க முகத்தைப் பாத்து சட்டுனு பதில் சொல்ல முடியாது. நடந்துக்கிட்டு இருந்தப்போ யாரும் தடை போடல, அதுதான் உண்மை. கடைசிக் கட்டத்துல 40,000 பேரு வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐநா பொதுச்செயலாளர் அமைச்ச நிபுணர் குழு சொன்னதே 2011லதான். அது எல்லை தாண்டுன படையெடுப்பு இல்ல, உள்நாட்டு விவகாரம்னு உலகம் ஒதுக்கி வெச்சுது, சாகுறவங்களுக்கு அந்த வித்தியாசத்தால என்ன ஆகப்போகுது.

ஆனா ஒண்ணுமே வரலைன்னும் சொல்லிட முடியாது. 2010ல ஐரோப்பா இலங்கைக்குக் குடுத்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை நிறுத்துச்சு. 2020ல இலங்கை ராணுவத் தளபதி சவேந்திர சில்வா உள்ள வரக்கூடாதுன்னு அமெரிக்கா சொல்லுச்சு, 2023 ஜனவரில ராஜபக்ச அண்ணன் தம்பி ரெண்டு பேரு மேலயும் கனடா தடை போட்டுச்சு, 2025 மார்ச்சுல பிரிட்டன் மூணு முன்னாள் தளபதிங்க மேலயும் கருணா மேலயும் போட்டுச்சு. பதினாலு பதினாறு வருஷம் கழிச்சு! ரொம்ப லேட், ரொம்ப கம்மி. அதனாலதான் உக்ரைனுக்கு நாலு நாள்ல உலகம் அசைஞ்சதைப் பாத்து எனக்குப் பொறாமை வரல, இப்படித்தான் அப்பவும் நடந்திருக்கணும்னு தோணுச்சு. நமக்கு கெடைக்காததை இன்னொருத்தருக்கும் கெடைக்கக்கூடாதுன்னு நெனைக்க மனசு வரல.

கேள்வி: இவ்வளவு தடை போட்டும் ரஷ்யா நிக்கலையே? அப்ப தடை வேஸ்ட்தானே?

தடை போட்ட மறுநாளே டாங்க் திரும்பிப் போகும்னு நெனச்சா ஏமாற்றம்தான். ஆரம்பத்துல பயங்கரமா அடிச்சுது. ரூபிள் விழுந்து ஒரு டாலருக்கு 120 தாண்டுச்சு, அவங்க மத்திய வங்கி வட்டியை 9.5ல இருந்து ஒரே நாள்ல 20 சதவீதம் ஆக்குச்சு, வெளிநாட்டுல வெச்சிருந்த கையிருப்புல கிட்டத்தட்ட 30,000 கோடி டாலர் முடங்குச்சு, பேங்குங்க நாடு விட்டு நாடு பணம் அனுப்ப தகவல் பரிமாறிக்கற ஸ்விஃப்ட்ல இருந்து ஏழு பேங்க்கை வெட்டுனாங்க, விசா மாஸ்டர்கார்டு கெளம்பிடுச்சு, 1990ல மாஸ்கோவுல தொறந்த மெக்டொனால்ட்ஸ் கூட வித்துட்டு வெளியேறிடுச்சு.

ஆனா எண்ணெய் காசு வந்துக்கிட்டே இருந்துச்சு. 2022 ஏப்ரல்ல ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ரஷ்யப் பொருளாதாரம் அந்த வருஷம் 8.5 சதவீதம் சுருங்கும்னு கணிச்சுது, கடைசில சுருங்குனது அதுல கால்வாசி கூட இல்ல. அடுத்த வருஷம் ஆயுத ஃபேக்டரிங்க ராப்பகலா ஓடுனதுல வளர்ச்சியே வந்துச்சு.

அப்ப வேஸ்ட்டா? நான் அப்படி சொல்ல மாட்டேன், ஏன்னா நான் பாக்குற பக்கம் வேற. சிப் கெடைக்காம ஏர்பேக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் இல்லாம ரஷ்யாவோட லாடா காரை ஓட்டினாங்க 2022ல. தேவைப்படுற பார்ட்ஸை மூணாவது நாடு நாலாவது நாடு வழியா சுத்தி சுத்தி, ரெண்டு மூணு மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கு. 2024 அக்டோபர்ல வட்டி 21 சதவீதம் போச்சு, அந்த வட்டில கடன் வாங்கி எவன் கடை நடத்துவான்? முடக்கி வெச்ச சொத்துல வர்ற வருமானத்தை வெச்சு உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடன் கொடுக்க ஜி7 நாடுங்க ஒத்துக்கிட்டாங்க. தடை போரை நிறுத்தல, போர் நடத்தற செலவை ஏத்துது. ஓட்டையும் நெறைய இருக்கு, அந்த ஓட்டைல சில, நம்ம ஊர் மாதிரி டிரேடிங் நடக்குற எடத்துலதான் இருக்கு, அதைக் கீழ சொல்றேன்.

கேள்வி: சாதாரண ரஷ்ய ஜனங்க என்ன பண்ணாங்க பாவம்? அவங்களும்தானே அடிபடுறாங்க?

அடிபடுறாங்க. ஏடிஎம் வாசல்ல வரிசை, கடைல சர்க்கரைக்குத் தள்ளுமுள்ளு, ஐகியா மூடப்போறான்னு கடைசி நாள் கூட்டம். வெளிநாட்டுல படிச்ச பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா காசு அனுப்ப முடியாம போச்சு. இதையெல்லாம் இல்லைன்னு சொல்றது தப்பு.

அதே சமயம் எல்லாரும் சும்மா இருந்தாங்கன்னும் நெனைக்காதீங்க. முதல் சில வாரத்துலயே போரை எதிர்த்து தெருவுக்கு வந்து கைதானவங்க 13,000 பேருக்கு மேல. மார்ச் 4 ஒரு சட்டம் போட்டாங்க, ராணுவத்தைப் பத்தி 'பொய்த் தகவல்' சொன்னா 15 வருஷம் வரைக்கும் ஜெயில். அதுக்கப்புறமும் அரசாங்க டிவில நேரலை செய்திக்கு நடுவுல அங்கயே வேலை பாத்த மரீனா ஒவ்ஸ்யான்னிகோவா போர் வேணாம்னு அட்டையோட வந்து நின்னாங்க. ஒண்ணுமே எழுதாத வெள்ளை அட்டையைப் புடிச்சு நின்னவங்களைக் கூட போலீஸ் அள்ளிட்டுப் போச்சு. செப்டம்பர் 21 ஆள் சேர்ப்பு அறிவிச்சதும் ஜார்ஜியா, கஸகஸ்தான் பார்டர்ல மைல் கணக்குல கார் நின்னுச்சு, சண்டைக்குப் போக இஷ்டம் இல்லாத இளந்தாரிங்க சைக்கிள்ல கூட போனாங்க.

அதனால இங்க உங்க காண்டோல, ஆபீஸ்ல ரஷ்யர் யாராவது இருந்தா அவங்ககிட்ட மூஞ்சி காட்டாதீங்க, அவங்க பிள்ளைகிட்ட கண்டிப்பா காட்டாதீங்க. தடை அரசாங்கத்து மேலயும் சில பேங்க் மேலயும் போட்டது. பாஸ்போர்ட்டைப் பாத்து ஒருத்தரை ஒதுக்குனா எப்படி இருக்கும்னு வீடு வாடகைக்குத் தேடும்போது 'இந்தியர் வேணாம்'னு கேட்ட நமக்குத் தெரியாதா.

கேள்வி: உக்ரைன்ல பொதுமக்கள் எப்படி எதிர்த்தாங்க? துப்பாக்கி இல்லாதவங்க என்ன பண்ண முடியும்?

என்னென்னவோ பண்ணாங்க, இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது. மூணாவது நாளே ரோடு டிபார்ட்மெண்ட், ஊர் பேரு போட்ட போர்டெல்லாம் கழட்டுங்க, வர்றவன் வழி தெரியாம அலையட்டும்னு சொல்லிடுச்சு. பியர் காய்ச்சற எடத்துல பெட்ரோல் குண்டு பாட்டில் ரொப்புனாங்க. பாட்டிங்களும் ஸ்கூல் பிள்ளைங்களும் பழைய துணியைக் கிழிச்சு ராணுவத்துக்கு மறைப்பு வலை பின்னுனாங்க. ஒடெசாவுல பீச் மண்ணை மூட்டை கட்டி ஊருக்குள்ள அடுக்குனாங்க. சேத்துல மாட்டி விட்டுட்டுப் போன ரஷ்ய வண்டிங்களை விவசாயிங்க டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போன வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க.

எனக்கு மனசை விட்டுப் போகாதது கெர்சோன். மார்ச் ஆரம்பத்துல அந்த ஊரு ரஷ்யா கைக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறமும் ஜனங்க நீலமும் மஞ்சளுமா கொடியை எடுத்துக்கிட்டு ஊர் நடுவுல கூடி, வெறுங்கையோட பட்டாளத்துக்காரன் முகத்துக்கு நேரா 'வீட்டுக்குப் போ'ன்னு கத்துனாங்க. வானத்தைப் பாத்து சுட்டாங்க, கண்ணீர்ப் புகை அடிச்சாங்க, ராத்திரில வீடு தேடி வந்து ஆளைத் தூக்கிட்டுப் போனாங்க, திரும்பி வராதவங்களும் உண்டு. மெலிடோபோல் மேயரை மார்ச் 11 தலைல பையைப் போட்டு இழுத்துட்டுப் போனாங்க, அடுத்த நாளே ஜனங்க எங்க மேயரை விடுன்னு தெருவுக்கு வந்துட்டாங்க, சில நாள்ல கைதிப் பரிமாற்றத்துல அவரு வெளிய வந்தாரு. நவம்பர் 11 கெர்சோனுக்குள்ள உக்ரைன் பட்டாளம் திரும்பி வந்தப்போ, ஒளிச்சு வெச்சிருந்த கொடியை எடுத்துக்கிட்டு கெழவிங்க ஓடி வந்து சிப்பாய்ங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க.

சண்டைன்னா சுடறது மட்டும் இல்ல. ரயில்வேக்காரங்க குண்டு மழைல வண்டியை ஓட்டி சுமார் 40 லட்சம் பேரைப் பத்திரமான எடத்துக்குக் கொண்டுபோனாங்க. கார்கிவ்ல மெட்ரோ ஸ்டேஷன்ல குடும்பம் குடும்பமா வாரக்கணக்குல தங்குனாங்க, பின்னாடி அங்கயே பிள்ளைங்களுக்கு க்ளாஸ் ரூம் கட்டிட்டாங்க. போலந்து பார்டர்ல பிஷெமிஷ்ல் ஸ்டேஷன்ல, கைல பிள்ளையோட வர்றவங்களுக்காக அங்க உள்ள தாய்மாருங்க தள்ளுவண்டிங்களை வரிசையா விட்டுட்டுப் போன படத்தை நான் இன்னும் ஃபோன்ல வெச்சிருக்கேன்.

ஃபோனும் ஆயுதமாச்சு. வரி கட்ட, லைசென்ஸ் காட்ட வெச்சிருந்த டியாங்கற அரசாங்க ஆப்ல இருந்து லாகின் பண்ணி, எதிரி வண்டி எங்க நிக்குதுன்னு ஒரு சாட்பாட்டுக்கு படம் அனுப்பலாம். இதுல ஆபத்தும் உண்டு, இப்படி சண்டைல நேரடியா கலந்துக்கற பொதுமக்களுக்கு போர்ச் சட்டம் கொடுக்குற பாதுகாப்பு போயிடலாம்னு சட்டம் தெரிஞ்சவங்க எச்சரிச்சாங்க. பிடிபட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சும் ஜனங்க அனுப்புனாங்க.

நாம பிப்ரவரி 15 ஸ்கூல்ல முழுமைத் தற்காப்பு தினம்னு கொண்டாடுறோமே, 1942ல சிங்கப்பூர் ஜப்பான்காரன்கிட்ட விழுந்த நாள். ராணுவம், குடிமை, பொருளாதாரம், சமூகம், மனோவியல், மின்னிலக்கம்னு ஆறு தூண் மனப்பாடம் பண்ணுவாங்க பிள்ளைங்க. அந்த ஆறும் நெசத்துல எப்படி இருக்கும்னு பாக்கணும்னா உக்ரைனைப் பாருங்க.

கேள்வி: நான் எலக்ட்ரானிக்ஸ் டிரேடிங் கம்பெனில இருக்கேன். எங்களுக்கு ரஷ்யா கஸ்டமரே இல்ல, அப்ப கவலை இல்லைதானே?

கவலை இருக்கு தம்பி. நேரா 'மாஸ்கோ'ன்னு போட்டு இப்ப யாரும் ஆர்டர் பண்றது இல்ல. முன்னப்பின்ன பேரு கேட்காத கம்பெனி, 2022க்கு அப்புறம் பதிவு பண்ணது, மத்திய ஆசியாவுலயோ துருக்கிலயோ வளைகுடாவுலயோ அட்ரஸ், வெப்சைட் கெடையாது, விலை பேசுறதே இல்ல, கடைசில யாரு யூஸ் பண்ணப் போறாங்கன்னு கேட்டா மழுப்பறது, காசு வேற யாரோ ஒருத்தர் அக்கவுண்ட்ல இருந்து வர்றது. இதுல ரெண்டு மூணு சேந்து இருந்தாலே நிறுத்தி மேல சொல்லுங்க. இங்க வழியா மாத்தி ஏத்துற சரக்குக்கும் தடை பொருந்தும். முதல் தடவை மாட்டினாலே 100,000 வெள்ளி இல்லேன்னா சரக்கு மதிப்புல மூணு மடங்கு, ரெண்டுல எது அதிகமோ அதுவரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட சேந்து வரலாம். சிங்கப்பூர்ல பதிவு பண்ண சில கம்பெனிங்க பேரு அமெரிக்கா தடை லிஸ்ட்லயே வந்திருக்கு, அங்க பேரு ஏறிட்டா எந்த பேங்கும் கிட்ட சேக்காது.

'ரெண்டு டப்பா சிப்புதானே'ன்னு பாஸ் சொன்னா, கீவ்ல அபார்ட்மெண்ட் மேல விழுந்த ஏவுகணையைப் பிரிச்சுப் பாத்தப்போ உள்ள இருந்தது வெளிநாட்டு சிப்புதான்னு சொல்லுங்க. பர்மிட்ல கையெழுத்து போடறது நாம.

கேள்வி: அப்ப ரஷ்ய எண்ணெய் மட்டும் எப்படி சிங்கப்பூருக்கு வருது?

எண்ணெய்க்கு சிங்கப்பூர் தடை போடல. ஜி7 நாடுங்க 2022 டிசம்பர் 5ல இருந்து ஒரு பீப்பாய் 60 டாலருக்கு மேல வித்தா தங்களோட கப்பல், இன்சூரன்ஸ் சேவை கெடையாதுன்னு உச்ச விலை வெச்சாங்க. அதனால இங்க உள்ள பேங்கும் இன்சூரன்ஸ் கம்பெனியும் ரொம்ப யோசிச்சுதான் தொடுவாங்க, ஆனா சட்டப்படி இறக்குமதி பண்ணலாம், ஃபியூயல் ஆயில் வந்துக்கிட்டுதான் இருக்கு. எனக்கு இது உறுத்தல்தான். முழுசா நிறுத்துனா உலகத்துல விலை ஏறி ஏழை நாடுங்கதான் முதல்ல படுக்கும்ங்கற வாதமும் பொய் இல்ல.

கேள்வி: ஊருக்கு காசு அனுப்பறதுல ஏதாவது சிக்கல் வருமா?

வராது. இந்தியா, இலங்கை, மலேசியாவுக்கு அனுப்பறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கேள்வி: 2022ல சமையல் எண்ணெய், ஆட்டா விலையெல்லாம் ஏறுச்சே, அது தடையாலயா?

பெரும்பாலும் போரால. உலகத்துலயே சூரியகாந்தி எண்ணெய் அதிகம் ஏற்றுமதி பண்ற நாடு உக்ரைன், போர் வந்ததும் கருங்கடல் துறைமுகமெல்லாம் அடைஞ்சு கப்பல் கெளம்பல. அந்த எண்ணெய் இல்லைன்னதும் எல்லாரும் பாமாயிலுக்கு ஓட, ஏப்ரல் கடைசில இந்தோனேசியா அதுக்கும் ஏற்றுமதித் தடை போட்டுச்சு. மே 13 இந்தியா கோதுமையை நிறுத்துச்சு, தேக்கா மளிகைக் கடைல ஆட்டா மூட்டை விலை ஏறுனது அப்பதான். கரண்டு விலையும் அதே கதை, இங்க மின்சாரத்துல 95 சதவீதம் இயற்கை எரிவாயுல ஓடுது. பரோட்டா விலை இருபது காசு ஏறுனதுக்கு கடைக்கார அண்ணன்கிட்ட சண்டை போட்டவங்களுக்கு இதைச் சொல்லுங்க, அவரு எங்க போவாரு.

கேள்வி: உதவி பண்ணணும். டார்மிட்டரில, கோயில்ல நாங்களே உண்டியல் வெச்சு வசூல் பண்ணலாமா?

நல்ல மனசு, ஆனா அப்படிச் செய்யாதீங்க. வெளிநாட்டு உதவிக்காக பொதுமக்கள்கிட்ட காசு வசூல் பண்ண அறநிறுவன ஆணையாளர்கிட்ட பர்மிட் வாங்கணும், சாதாரணமா வசூல்ல 80 சதவீதம் சிங்கப்பூருக்குள்ளயே செலவாகணும்னு விதியும் இருக்கு, பேரிடர் நிவாரணத்துக்கு அதைத் தளர்த்துவாங்க. பர்மிட் இல்லாம உண்டியல் ஏந்துனா நல்லது பண்ணப் போய் கேஸ்ல நிக்கணும். சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் மூலமா குடுங்க, அரசாங்கமே முதல்ல 100,000 அமெரிக்க டாலர் குடுத்தது அவங்க வழியாத்தான்.

போர் ஆரம்பிச்ச புதுசுல உலகம் முழுக்க ஆளுங்க போகவே போகாத கீவ் வீட்டுக்கு ஏர்பிஎன்பில ரூம் போட்டாங்க, மார்ச் 2, 3 ரெண்டு நாள்ல மட்டும் 60,000 ராத்திரிக்கு மேல புக் ஆச்சு, வீட்டுக்காரங்க கைக்கு நேரா காசு போகட்டும்னு. அழகான யோசனை. ஆனா அதைப் பாத்து போலிக் கணக்குங்களும் கெளம்புச்சு, கிரிப்டோ அட்ரஸ் போட்டு 'அகதிக் குழந்தைக்கு உதவுங்க'ன்னு வர்ற மெசேஜ் எதையும் நம்பாதீங்க.

கேள்வி: உக்ரைன் கொடியோட ஊர்வலம் போகலாமா? ஹேக்கிங் படைல சேரலாமா? போய் சண்டையே போடலாமா?

ஊர்வலம்: போலீஸ் பர்மிட் இல்லாம ஒரே ஒரு ஆளு ஒரு அட்டையைப் புடிச்சு நின்னாலும் இங்க குற்றம். ஹாங் லிம் பார்க் பேச்சாளர் முனைல ஏற்பாடு பண்றது குடிமக்கள் மட்டும், கலந்துக்கறது குடிமக்களும் பிஆரும் (நிரந்தரவாசிங்க) மட்டும். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், ஸ்டூடண்ட் பாஸ்ல இருக்குறவங்க பக்கத்துல கூட போய் நிக்காதீங்க, பாஸ் போயிடும். வெளிநாட்டுக் கொடியைப் பொது எடத்துல அனுமதி இல்லாம காட்டறதுக்கும் தனிச் சட்டம் இருக்கு, அது இந்தியக் கொடிக்கும் பொருந்தும்.

ஹேக்கிங்: 2022 பிப்ரவரி 26 உக்ரைன் அமைச்சர் மிகைலோ ஃபெடோரோவ் 'ஐடி ஆர்மி'ன்னு டெலிகிராம்ல கூப்பிட்டாரு, உலகம் முழுக்க சேந்தாங்க. இங்க இருந்து ரஷ்ய வெப்சைட்டை அடிச்சாலும் கம்ப்யூட்டர் துஷ்பிரயோகச் சட்டத்துல மாட்டுவீங்க.

சண்டை: வெளிநாட்டவங்களும் வந்து சேருங்கன்னு உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி கேட்டப்போ, சிங்கப்பூரர்ங்க ஆயுதம் தூக்குறது சிங்கப்பூருக்காக மட்டும்தான் இருக்கணும்னு விவியன் நாடாளுமன்றத்துல தெளிவா சொல்லிட்டாரு.

கேள்வி: ரஷ்யாவுல ஹெல்ப்பர் வேலை, மாசம் ரெண்டு லட்ச ரூபா, ஏஜெண்ட் சொல்றான். பெர்மிட் முடியப்போகுது, போகலாமா?

போகாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன். சமையல் வேலை, செக்யூரிட்டி வேலை, படிப்பு விசான்னு கூட்டிட்டுப் போய் பாஸ்போர்ட்டைப் புடுங்கி, ரஷ்ய மொழில இருக்குற பேப்பர்ல கையெழுத்து வாங்கி, கொஞ்ச நாள் பயிற்சி குடுத்து போர்முனைக்கு அனுப்பியிருக்காங்க. இந்தியாவுல இருந்தும் இலங்கைல இருந்தும் போனவங்க, முன்னாள் சிப்பாய்ங்க மட்டும் இல்ல, துப்பாக்கியைத் தொட்டே பாக்காத பையன்ங்களும் செத்திருக்காங்க. 2024 மார்ச்ல இந்திய சிபிஐ இதுக்காக ஆள்கடத்தல் கேஸ் போட்டு பல ஊர்ல ரெய்டு பண்ணுச்சு, ஜூலைல மோடி மாஸ்கோ போனப்போ புடின்கிட்டயே இந்தியர்ங்களை விடுவிக்கணும்னு பேச வேண்டியதா போச்சு.

ஏஜெண்ட் சிங்கப்பூர்ல இருந்தா மனிதவள அமைச்சு லைசென்ஸ் இருக்கான்னு அவங்க வெப்சைட்லயே பேரைப் போட்டுப் பாக்கலாம். லைசென்ஸ் இருந்தாலும் ரஷ்யா வேலைன்னா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கிரேஞ்ச் ரோட்டுல இருக்குற இந்தியத் தூதரகத்துல கேளுங்க, இலங்கைப் பிள்ளைங்க உங்க தூதரகத்துல கேளுங்க. ஏற்கனவே யாராவது போய் மாட்டியிருந்தா அவங்க பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, கடைசியா அனுப்புன லொக்கேஷன், ஏஜெண்ட் நம்பர், காசு கட்டுன ரசீது இது அஞ்சையும் எடுத்துக்கிட்டு அன்னிக்கே போங்க, ஒரு நாள் கூட தள்ளாதீங்க.